டிஜிட்டல் பல் எக்ஸ்ரே: கதிர்வீச்சு எவ்வளவு, திரையில் தெரியும் கறுப்பை எவ்வளவு நம்பலாம்?

கேள்வி இது: “எப்போது போனாலும் என் பல் மருத்துவர் எக்ஸ்ரே எடுக்கிறார். கேட்டால், ‘இது டிஜிட்டல், கதிர்வீச்சே கிடையாது’ என்கிறார். போன முறை திரையில் ஒரு கறுப்புப் பகுதியைக் காட்டி, வேர் சிகிச்சை செய்ய வேண்டும் என்றார். எனக்கு வலி எதுவும் இல்லை. டிஜிட்டல் எக்ஸ்ரே அவ்வளவு பாதுகாப்பானதா? அந்தப் படத்தை நம்பிப் பல்லைத் துளைக்க விடலாமா?”

கதிர்வீச்சே கிடையாது என்பது தவறு. கதிர்வீச்சு இல்லாமல் எக்ஸ்ரே எடுக்கவே முடியாது. மிகக் குறைவு என்று சொல்லியிருந்தால் சரி. உங்கள் மருத்துவர் ஏமாற்றுவதற்காகச் சொல்லியிருக்க மாட்டார், பயத்தைப் போக்கச் சொல்லியிருப்பார். ஆனாலும் அந்தப் பதில் அடுத்து வரவேண்டிய கேள்வியின் வாயை அடைத்துவிடுகிறது: இந்தப் படம் இப்போது எதற்கு? என் பார்வையில் இந்த விஷயத்தில் முக்கியமான கேள்வி அது ஒன்றுதான். டிஜிட்டலா பிலிமா என்பதெல்லாம் அதற்குப் பின்னால்தான்.

முதலில், டிஜிட்டல் என்பதால் மாறியது எது என்று பார்ப்போம். கன்னத்தருகே கொண்டுவரப்படும் அந்தக் குழாயும் அதிலிருந்து வரும் கதிரும் அப்படியேதான் இருக்கின்றன. உள்ளே சூடான ஒரு மின்னிழை, எதிரே டங்ஸ்டன் இலக்கு, இடையே பெரும்பாலும் 60 முதல் 70 கிலோவோல்ட் மின்னழுத்தம். மாறியது கதிரை வாங்கும் பக்கம் மட்டுமே. முன்பு வாய்க்குள் வைத்தது வெள்ளி உப்புகள் பூசிய பிலிம். அதை இருட்டறையில் டெவலப்பரிலும் ஃபிக்சரிலும் முக்கி, கழுவி, காயவைத்துப் பார்க்க வேண்டும். இப்போது அதன் இடத்தில் இரண்டு வகைக் கருவிகள் வந்திருக்கின்றன.

ஒன்று, வயர் தொங்கும் தடித்த சென்சார். அதன் முகப்பில் சீசியம் அயோடைடு போன்ற ஒரு படலம் இருக்கும். எக்ஸ்ரே பட்டதும் அது ஒளிரும். அடியில் உள்ள சிலிக்கான் சில்லு அந்த ஒளியை மின்னூட்டமாக்கிக் கணினிக்கு அனுப்பும். சில நொடிகளில் படம் திரையில் வந்துவிடும். மற்றொன்று பாஸ்பர் தகடு. பிலிம் போலவே மெல்லியது, வயர் கிடையாது. யூரோப்பியம் சேர்த்த பேரியம் உப்பு பூசப்பட்டிருக்கும். எக்ஸ்ரேயின் ஆற்றலை அது தனக்குள் பிடித்துவைத்துக்கொள்ளும். ஸ்கேனருக்குள் சிவப்பு லேசர் படும்போது, பிடித்துவைத்ததை நீல ஒளியாக வெளியே விடும். பிறகு பலமான வெளிச்சத்தில் காட்டினால் தகடு வெறுமையாகி அடுத்தவருக்குத் தயாராகிவிடும். சிறிய வாய்க்கும், எதை வைத்தாலும் குமட்டுகிறவர்களுக்கும் இந்தத் தகடு எளிது. ஆனால் கடித்தால் பல் பதியும், கீறினால் கீறல் பதியும். அந்தக் கீறல் அடுத்தடுத்த நோயாளிகளின் படத்திலும் வெள்ளைக் கோடாக வந்து நிற்கும்.

1895 நவம்பரில் ஜெர்மன் இயற்பியலாளர் ராண்ட்ஜன் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்தார். செய்தி பரவிய சில வாரங்களுக்குள், 1896 ஜனவரியில், ஜெர்மனியின் பல் மருத்துவர் ஓட்டோ வால்க்ஹோஃப் தன் பற்களையே படம் பிடித்தார். கறுப்புத் தாள் சுற்றிய கண்ணாடித் தகட்டை வாய்க்குள் வைத்துக்கொண்டு அவர் 25 நிமிடம் அசையாமல் இருந்தாராம். இன்று அதே வேலைக்கு நொடியில் பத்தில் ஒரு பங்கோ இரண்டு பங்கோ போதும். அமெரிக்காவில் நியூ ஆர்லியன்ஸ் நகரின் எட்மண்ட் கெல்ஸ், பல் எக்ஸ்ரேயின் முன்னோடிகளில் ஒருவர். கருவியைச் சரிபார்க்கத் தன் கையையே கதிரில் காட்டிக் காட்டிப் புற்றுநோய் வந்து, விரல்களையும் பிறகு கையையும் இழந்து, 1928-இல் தற்கொலை செய்துகொண்டார். இந்தத் துறைக்குள் கதிர்வீச்சைப் பற்றிய பயம் சும்மா வந்ததில்லை. டிஜிட்டல் முறை வந்தது 1980-களில்தான். பிரான்சின் பல் மருத்துவர் ஃபிரான்சிஸ் மூயன் உருவாக்கிய முதல் கருவிக்கு ரேடியோவிசியோகிராபி என்று பெயர். பல் மருத்துவர்கள் பலர் இன்றும் சின்ன எக்ஸ்ரேயை ‘ஆர்விஜி’ என்று சொல்வது அதனால்தான்.

இனி அளவுக்கு வருவோம். இரண்டு மூன்று பற்கள் மட்டும் தெரியும் ஒரு சிறிய எக்ஸ்ரேக்குப் பொதுவாக 1 முதல் 10 மைக்ரோசீவர்ட் வரை கதிர் வாங்குகிறோம். உடல் வாங்கும் கதிரை அளக்கும் அலகு இது, ஆயிரம் மைக்ரோசீவர்ட் சேர்ந்தால் ஒரு மில்லிசீவர்ட். மண், காற்று, உணவு, வானிலிருந்து வரும் கதிர் என்று இயற்கையாகவே ஒருவர் ஆண்டுக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் வாங்குகிறார் என்பது ஐ.நா.வின் கதிர்வீச்சு அறிவியல் குழுவின் உலகச் சராசரிக் கணக்கு. ஒரு நாளைக்குப் பிரித்தால் ஆறரை மைக்ரோசீவர்ட் வரும். ஆக ஒரு சிறிய படம் என்பது சில மணி நேரம் முதல் ஒன்றரை நாள் வரை சும்மா இருந்தாலே வாங்கும் அளவு. தாடை முழுவதும் ஒரே படத்தில் வரும் ஓபிஜி பெரும்பாலும் சில நாட்களின் அளவு. முப்பரிமாணப் படமான சிபிசிடி வேறு ரகம். படம் பிடிக்கும் பரப்பையும் கருவியையும் பொறுத்துச் சில பத்து மைக்ரோசீவர்ட்டிலிருந்து சில நூறு வரை போகும், பெரிய பரப்பில் ஆயிரத்தைத் தொட்டதும் உண்டு. இதுவும் டிஜிட்டல்தான். எனவே டிஜிட்டல் என்ற ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு கதிரின் அளவைக் கணிக்க முடியாது.

‘பிலிமைவிட 80, 90 சதவீதம் குறைவு’ என்ற விளம்பர வாசகத்தை நீங்கள் பார்த்திருக்கக்கூடும். எந்த பிலிமைவிட என்று கேட்டுப் பாருங்கள். வேகம் கூடக்கூட பிலிமுக்குக் குறைந்த கதிரே போதும். பழைய ‘டி’ வேகப் பிலிமோடு ஒப்பிட்டால் அந்தக் கணக்கு ஓரளவு ஒத்துவரும். ஆனால் பிலிமும் சும்மா இருக்கவில்லை. 1980-களில் ‘இ’ வேகமும், 2000 வாக்கில் ‘எஃப்’ வேகமும் வந்தன. ‘எஃப்’ பிலிமுக்கு ‘டி’ பிலிமின் கதிரில் பாதிகூடத் தேவையில்லை. அதோடு ஒப்பிட்டால் சென்சாரின் லாபம் சுருங்கிவிடும். பாஸ்பர் தகட்டில் சில நேரம் லாபமே இருக்காது.

அதுமட்டுமல்ல. டிஜிட்டலுக்கு மாறிய பிறகும் கதிர் எவ்வளவு நேரம் பாய வேண்டும் என்ற கருவியின் நேர அமைப்பைப் பழைய அளவிலேயே விட்டுவைக்கும் கிளினிக்குகள் உண்டு. பிலிமில் கதிர் கூடினால் படம் கறுத்துப்போய்க் காட்டிக்கொடுத்துவிடும். பாஸ்பர் தகட்டில் கதிர் கூடினாலும் மென்பொருள் வெளிச்சத்தைச் சரிசெய்து அழகான படத்தையே தரும், தவறு நடந்தது யாருக்கும் தெரியாது. இன்னொன்று, மறுபடி எடுப்பது. கடினமான சென்சாரை வாயில் சரியாக உட்காரவைப்பது சிரமம். அதன் மூலை நாக்கின் அடியில் குத்தும், மேல்வாயில் இடிக்கும். நோயாளி நெளிவார், கோணம் தவறும், வேர்முனை படத்துக்கு வெளியே போய்விடும். பிலிம் காலத்தில் மறுபடி எடுப்பது கால் மணி நேர வேலை, அதனால் முதல் முறையே கவனமாக எடுத்தார்கள். இப்போது ஒரு சொடுக்குதான். ஒரு படத்தில் மிச்சம் பிடித்ததை மூன்று படம் எடுத்துச் செலவழித்தால் கணக்கு என்ன ஆகும்?

கதிரைக் குறைக்க மலிவான, பலன் மிகுந்த ஒரு வழி இருக்கிறது, ஏனோ பலரும் பேசுவதில்லை. கதிர்க்குழாயின் முனை பல இடங்களில் வட்டமாக இருக்கும். தோலில் விழும் கதிர்வட்டத்தின் விட்டம் ஏறக்குறைய 7 சென்டிமீட்டர், பரப்பு 38 சதுர சென்டிமீட்டருக்குச் சற்று மேல். பெரியவர்களுக்கான படப் பரப்பு ஏறத்தாழ 3-க்கு 4 சென்டிமீட்டர், அதாவது 12 சதுர சென்டிமீட்டர் வாக்கில். விழும் கதிரில் மூன்றில் இரண்டு பங்கு எந்தப் படத்தையும் உண்டாக்காமல் முகத்துக்குள் போகிறது. முனையில் செவ்வக மறைப்பைப் பொருத்தினால் இந்த வீண் பெரும்பாலும் நின்றுவிடும். கொஞ்சம் கோணம் தவறினாலும் படத்தின் ஒரு ஓரம் பதியாமல் வெள்ளையாகப் போய்விடும் என்பதால், சென்சாரையும் குழாயையும் நேராக நிறுத்தும் பிடிப்பான் இல்லாமல் கையால் குறிவைத்து எடுப்பவர்களுக்கு இது பிடிக்காது. அடுத்த முறை குழாயின் வாயைப் பாருங்கள். அது செவ்வகமாக இருந்து, சென்சார் ஒரு பிடிப்பானில் பொருத்தப்பட்டிருந்தால் அந்த மருத்துவரிடம் கதிர் பற்றி நீங்கள் அதிகம் கேட்க வேண்டியிருக்காது.

ஈய அங்கி போடவில்லையே என்று சிலர் பதறுகிறார்கள். அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2024-இல், பல் எக்ஸ்ரேக்கு ஈய அங்கியும் கழுத்துப் பட்டையும் வழக்கமாகத் தேவையில்லை என்று அறிவித்தது. கதிர்க்கற்றை சரியாகக் குறுக்கப்பட்டால் வயிற்றுக்கும் நெஞ்சுக்கும் போய்ச் சேருவது மிகச் சொற்பம். கழுத்துப் பட்டை சில நேரம் படத்துக்குக் குறுக்கே வந்து மறுபடி எடுக்க வைக்கிறது, ஓபிஜியில் இது அடிக்கடி நடக்கும். சில நாடுகளின் விதிகள் இன்னும் அங்கியைக் கேட்கின்றன. போடச் சொன்னால் போட்டுக்கொள்ளுங்கள், கெடுதல் இல்லை. போடவில்லை என்பதற்காகச் சண்டை போட வேண்டாம்.

கர்ப்பிணிகள் விஷயத்திலும் இதே நிலைதான். கற்றை வாயை நோக்கிப் போகிறது, கருப்பைக்கு வந்து சேருவது கணக்கில் எடுக்கவே தயங்கும் அளவு. வலி, வீக்கம், சீழ் என்று வந்தால் எக்ஸ்ரே எடுத்துச் சிகிச்சை செய்துகொள்வதே தாய்க்கும் குழந்தைக்கும் நல்லது. அவசரமில்லாத வழக்கமான பரிசோதனைப் படத்தைப் பிரசவத்துக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று கேட்பதிலும் தவறில்லை. குழந்தைகளின் உடல் கதிருக்கு அதிகம் பாதிக்கப்படக்கூடியது, அவர்களுக்கு முன்னால் இருக்கும் ஆயுளும் நீளம். ஆகவே நேர அமைப்பைக் குறைத்துத்தான் எடுக்க வேண்டும். எடுக்கவே கூடாது என்பதல்ல.

எப்போது போனாலும் எடுக்கலாமா? கூடாது. சொத்தை வரும் வாய்ப்பு குறைவான, புதிதாகப் பிரச்சினை எதுவும் இல்லாத பெரியவர்களுக்குக் கடைவாய்ப் பற்களின் இடைவெளியைக் காட்டும் பைட்விங் படம் 24 முதல் 36 மாதங்களுக்கு ஒருமுறை போதும் என்பது அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கமும் அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகமும் சேர்ந்து 2012-இல் தந்த வழிகாட்டுதல். அடிக்கடி சொத்தை வருகிறவர்களுக்கு 6 முதல் 18 மாதம். அதுவும் வாயைப் பரிசோதித்த பிறகுதான் முடிவெடுக்க வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்ததும் பல்லைப் பார்க்கும் முன்பே படம் எடுப்பது முறையில்லை. வேர் சிகிச்சை நடக்கும்போது மட்டும் கணக்கு வேறு. தொடங்கும் முன், வேரின் நீளம் அளக்க, அடைக்கும் முன், அடைத்த பின் என்று ஒரே பல்லுக்கு நாலைந்து படம் தேவைப்படலாம். அதைப் பார்த்து மிரள வேண்டாம், எடுக்காமல் விட்டால்தான் யோசிக்க வேண்டும்.

இப்போது உங்கள் கறுப்புப் பகுதி. கதிர் எளிதாக ஊடுருவும் இடம் கறுப்பாகவும் தடுக்கப்படும் இடம் வெள்ளையாகவும் தெரியும். பல்லின் மேல் தொப்பி போல வெள்ளையாக இருப்பது எனாமல். அதன் கீழே சாம்பல் நிறத்தில் டென்டின். நடுவே கறுப்பாக இறங்கும் கோடு, நரம்பும் ரத்தக் குழாய்களும் உள்ள பற்கூழ். பல் மருத்துவரின் கண் நிஜமாக நிற்கும் இடம் இன்னும் கீழே. வேரைச் சுற்றி மயிரிழை போல ஒரு கறுப்புக் கோடு போகும், அதை ஒட்டி வெளிப்புறத்தில் ஒரு மெல்லிய வெள்ளைக் கோடு போகும். முதலாவது வேரையும் எலும்பையும் பிணைக்கும் தசைநார் இருக்கும் இடைவெளி. இரண்டாவது அந்தக் குழியின் எலும்புச் சுவர். ஒரு பக்கத்தில் தொடங்கி வேர்முனையைச் சுற்றி மறுபக்கம் வரை அந்த வெள்ளைக் கோட்டை விரலால் தொடர்ந்துகொண்டே போங்கள். முனையில் அது அறுந்து, கறுப்பு இடைவெளி அகன்று, எலும்புக்குள் வட்டமாகப் பரவியிருந்தால், பற்கூழ் செத்து அதன் கிருமி எலும்பை அரிக்கிறது என்று சந்தேகிக்க நல்ல காரணம் இருக்கிறது. கோடு அறுபடாமல் கறுப்புக்குக் குறுக்கே ஓடினால் கதை வேறு. கீழ்த்தாடையில் முன்கடைவாய்ப் பற்களின் வேர்முனை அருகே நரம்பு வெளியே வரும் துளை ஒன்று எல்லோருக்கும் உண்டு. படத்தில் அது அச்சு அசலாக வேர்முனைப் புண் போலவே தெரியும். கோணத்தை மாற்றி இன்னொரு படம் எடுத்தால் துளை வேர்முனையை விட்டு விலகிவிடும், நிஜப் புண் ஒட்டிக்கொண்டே இருக்கும்.

பல்லின் கழுத்துப் பகுதியில், எனாமல் முடிந்து எலும்பு தொடங்கும் முன், இயல்பாகவே ஒரு மங்கலான கறுப்பு விழும். சொத்தை என்று தவறாகப் படிக்கப்படும் இடம் அது. பழைய அடைப்பின் ஓரத்தில் தெரியும் கறுப்புக் கோடும் அப்படித்தான். சில அடைப்புப் பொருட்கள் எக்ஸ்ரேயில் கறுப்பாகவே வரும். மென்பொருளில் ‘கூர்மையாக்கு’ என்ற பொத்தானை அழுத்தினால், நன்றாக இருக்கும் அடைப்பைச் சுற்றிக்கூடக் கறுப்பு விளிம்பு முளைக்கும். இதைத் தெரிந்தே யாரும் செய்வதாகச் சொல்லவில்லை. பல மென்பொருள்கள் படம் வந்ததும் தாமாகவே கூர்மையாக்கிவிடுகின்றன. மெருகூட்டாத மூலப் படத்தைக் காட்டுங்கள் என்று கேட்டால் காட்ட முடியும். செயற்கை நுண்ணறிவு மென்பொருள் சந்தேக இடத்தில் சிவப்புக் கட்டம் போட்டுக் காட்டுவதும் இப்போது வந்துவிட்டது. சிவப்பைப் பார்த்ததும் நோயாளி தலையாட்டிவிடுகிறார். அந்தக் கட்டம் மருத்துவரை இன்னொரு முறை பார்க்கச் சொல்லும் குறிப்பு, அவ்வளவுதான்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. கால்சியம் போன்ற தாதுக்களில் மூன்றில் ஒரு பங்கு அளவு கரைந்த பிறகே சொத்தை எக்ஸ்ரேயில் கண்ணுக்குத் தெரியத் தொடங்கும். ஆகவே படத்தில் எதுவும் இல்லை என்பது பல்லில் எதுவும் இல்லை என்றாகாது. படத்தில் தெரிவதைவிட உண்மையான சொத்தை சற்று ஆழமாகவே இருக்கும். மேலும் இது நிழல்படம். சுவரில் விழும் கையின் நிழலைப் பார்த்து, மோதிரத்தின் கல் உள்ளங்கைப் பக்கம் இருக்கிறதா புறங்கைப் பக்கமா என்று சொல்ல முடியாது அல்லவா? அதுபோலக் கன்னப் பக்கத்துச் சொத்தையும் நாக்குப் பக்கத்துச் சொத்தையும் ஒரே இடத்தில்தான் விழும். பற்கூழ்வரை போனது போலத் தெரியும் சொத்தை, உண்மையில் பக்கவாட்டில் மேலோட்டமாக இருக்கலாம்.

வலி இல்லையே என்கிறீர்கள். அதைப் பெரிய ஆறுதலாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பற்கூழ் மெல்லச் செத்துப்போனால் வலிக்க நரம்பே இருக்காது. எலும்பு அரிப்பு மாதக்கணக்கில் சத்தமில்லாமல் வளர்ந்து, ஒருநாள் இரவு கன்னம் வீங்கும். அதே சமயம், படத்தை மட்டும் பார்த்து வேர் சிகிச்சை முடிவு செய்வதும் சரியல்ல. குளிர்ச்சி வைத்துப் பார்க்க வேண்டும். உயிருள்ள பல் சில்லென்று உணர்ந்து சில நொடிகளில் அடங்கும். வெகுநேரம் வலித்தால் பற்கூழ் அழற்சியில் இருக்கிறது, எதுவுமே தெரியாவிட்டால் செத்திருக்கலாம். பக்கத்துப் பல்லையும் இதேபோலச் சோதித்து ஒப்பிட வேண்டும். பல்லைத் தட்டிப் பார்க்க வேண்டும். ஈறின் ஓரத்தில் அளவுக்கம்பியை இறக்கி ஆழம் பார்க்க வேண்டும், ஏனென்றால் ஈறு நோயும் இதே போன்ற கறுப்பை உண்டாக்கும். இந்தச் சோதனைகளின் முடிவும் படமும் ஒரே பல்லைக் காட்டினால் துளைக்கச் சம்மதியுங்கள். முரண்பட்டால் வேறு கோணத்தில் இன்னொரு படம் கேளுங்கள். அதிலும் தெளியாவிட்டால் அந்தச் சிறு பகுதிக்கு மட்டும் சிபிசிடி எடுப்பது நியாயம். எடுத்த எடுப்பிலேயே சிபிசிடி என்றால் ஏன் என்று கேளுங்கள்.

மருத்துவரிடம் எப்படிக் கேட்பது என்ற தயக்கம் புரிகிறது. “டாக்டர், இந்தப் படத்தில் நீங்கள் எதைத் தேடுகிறீர்கள்? அது இருந்தால் என்ன செய்வீர்கள், இல்லாவிட்டால் என்ன செய்வீர்கள்?” என்று கேட்டுப் பாருங்கள். இரண்டுக்கும் பதில் ஒன்றாகவே இருந்தால் அந்தப் படம் தேவையில்லை. நல்ல மருத்துவர் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார்.

கடைசியாக, படத்தின் நகல் வாங்கிக்கொள்ளுங்கள். திரையைக் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டால் போதும் என்று நினைக்காதீர்கள். நான் சொன்ன மயிரிழைக் கோடு அதில் தெரியாது, வாட்ஸ்அப்பில் அனுப்பினால் இருப்பதும் சுருங்கிவிடும். மருத்துவப் படங்களுக்கென்றே உள்ள டைகாம் வடிவிலோ சுருக்கப்படாத கோப்பாகவோ, எடுத்த தேதியோடு மின்னஞ்சலில் கேளுங்கள். இரண்டாவது கருத்துக் கேட்கப் போகும் இடத்தில் அதுதான் பயன்படும், மறுபடி எடுக்கவும் வேண்டியிருக்காது. அந்தப் பல்லுக்கு இரண்டு மூன்று வருடம் முன்பு எடுத்த படம் எங்காவது இருந்தால் அதையும் தேடி எடுங்கள். அன்றும் அதே இடத்தில் அதே அளவில் கறுப்பு இருந்ததென்றால் இன்று அவசரப்பட வேண்டியதில்லை, சோதித்துப் பார்த்துக் காத்திருக்கலாம். அன்று இல்லாதது இன்று வந்திருந்தால் நாள் கடத்தாமல் சிகிச்சைக்குத் தேதி வாங்கிவிடுங்கள்.